தம்பி ஓட்ட வேண்டிய விமானம்

என் தம்பிக்கு நான் செஞ்சதை யாரும் துரோகம்னு சொல்ல மாட்டாங்க. "அண்ணன்காரன் எவ்ளோ பாடுபட்டான் பாரு"ன்னுதான் தெருவுல இன்னிக்கும் பேசறாங்க. அதைக் கேட்டா நான் தலையைக் குனிஞ்சுக்கினு கடைக்குள்ள போயிடறேன்.

கள்ளக்குறிச்சியில எனக்கு ஸ்டிக்கர் கடை. வண்டிக்கு நம்பர் எழுதறது, லாரி நெத்தியில சாமி பேர் ஒட்டறது, அதான் பொழப்பு. தம்பி கோர்ட்டுக்கு எதுக்க ஜெராக்ஸ் கடை வச்சிருந்தான். ரெண்டு பேருக்கும் நாப்பது தாண்டியாச்சு. ஆனாலும் ஞாயித்துக்கிழமை வந்தா தெர்மாகோல் விமானத்தைத் தூக்கிக்கினு கச்சிராயபாளையம் பக்கம் போயிடுவோம். செய்யறது நான், ஓட்டறது அவன். எனக்கு ஓட்ட வராது. ரிமோட்டைக் கையில வாங்கினா ரெண்டே நிமிஷத்துல கொண்டுபோய் கரும்புக்குள்ள சொருகிடுவேன். அவன் கையில குடுத்தா மல்லாக்கப் பறக்கும், குட்டிக்கரணம் போடும், திரும்பி வந்து காலுக்குப் பக்கத்துல பூனை மாதிரி உட்காரும். எல்லா வித்தையும் அவனோட வலது கட்டை விரல்லதான் இருந்தது. ரிமோட்டுல விமானத்தைத் திருப்பற குச்சி அந்தப் பக்கம்தான்.

போன வருஷம் மாசியில அந்த விரல்தான் முதல்ல மக்கர் பண்ணுச்சு. "ஸ்டேப்ளர் அழுத்த முடியலண்ணா"ன்னான். "வயசாயிடுச்சுடா கிழவா"ன்னு சிரிச்சேன். அப்புறம் சட்டை பட்டன் போட முடியலன்னான். புதுச்சேரிக்கு இட்டுக்கினு போய்க் காட்டினேன். நரம்பு ஒவ்வொண்ணா செத்துக்கினே வரும், சதை கரையும், கையில ஆரம்பிச்சு மூச்சு வரைக்கும் போகும், நிறுத்தறதுக்கு மருந்து கிடையாதுன்னு டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது பஸ் உளுந்தூர்பேட்டையைத் தாண்டுச்சு. அப்பதான் அவன் பேச்செடுத்தான்.

"பெருசா ஒரு சண்டை விமானம் செய்யறேன், செய்யறேன்னு சொல்லிக்கினே இருந்தியே. இப்ப செய்யேன். கை ஓடும்போதே ஒருவாட்டி நான் ஓட்டிப் பாத்துடறேன்."

அவன் கேட்டது அவ்ளோதான்.

பங்குனியில உட்கார்ந்தேன். ரெண்டாம் உலகப்போர்ல பறந்த ஒத்தை இன்ஜின் விமானம். நிஜத்துல ஏழுல ஒரு பங்கு, இறக்கையே அஞ்சடிக்கு மேல. பால்சான்னு ஒரு மரம், கையில வச்சா கனமே தெரியாது. அதை பிளேடால சீவி, எலும்பு எலும்பா கோத்து, மேல மெல்லிசான தகடா ஒட்டினேன். தம்பி கடையைச் சாத்திட்டு வந்து எதுக்க உட்கார்ந்து தூசி ஊதுவான். ஆனி பொறந்தப்போ மோட்டார் மாட்டியாச்சு, பேட்டரி வச்சாச்சு, குச்சியைத் தள்ளினா வால் ஆடுது, இறக்கை ஓரத்துத் தட்டு ஆடுது. சாம்பல் கலர்ல பிரைமர் ஒரு கோட் அடிச்சிருந்தேன். பறக்கறதுக்கு அதுக்கு மேல ஒண்ணுமே தேவையில்லை.

"போதும்ணா. பெயின்ட்டு அப்புறம் அடிச்சுக்கலாம். நாளைக்கே ஏத்திடலாம்"ன்னான்.

"மொட்டையா பறக்க வுட்றதுக்கா இத்தினி பாடு? போடா அந்தாண்ட"ன்னேன்.

இங்க என் கிறுக்கைச் சொல்லியாகணும். நம்பர் எழுதாம ஒரு வண்டியை நான் கடையை வுட்டு வெளிய அனுப்பினதில்லை. எழுத்து ஒரு நூல் கோணலா இருந்தாலும் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி ஒட்டுவேன். "டைம் ஆவுதுங்க"ன்னு வண்டிக்காரன் கத்துவான், நான் அவனுக்கு மேல கத்துவேன். அந்தப் புத்தியை விமானத்து மேலயும் காட்டினேன். நிஜ விமானத்துல உடம்பு பூரா ஆணித்தலை தெரியும்னு, ஊசி சிரிஞ்சுல வெள்ளை கோந்தை அடைச்சு, ஸ்கேல் வச்சு, ஒவ்வொரு பொட்டா வச்சேன். அதுக்கே மூணு வாரம். பச்சையும் பழுப்பும் அடிச்சேன். பச்சை ரொம்பப் பளபளன்னு இருக்குதுன்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி அடிச்சேன். இறக்கையில அந்த நாட்டு அடையாளமா இருக்கற வட்டத்தை ஸ்டிக்கரா வெட்டி ஒட்டினேன். ஓரம் தூக்கிக்கினு தெரியுதுன்னு அதையும் பிச்சுட்டு பிரஷ்ஷால வரைஞ்சேன்.

அதுக்குள்ள ஆடி வந்துட்டுது. "ஆடியில எவனாவது புதுசா ஒண்ணை ஆரம்பிப்பானா? அதுவும் முடியாத ஆளை வச்சுக்கினு"ன்னு என் பொண்டாட்டி சொன்னா. காத்தும் ஆளைத் தள்ளுச்சு. எனக்கும் அது தோதா போச்சு, இன்னொரு கோட் அடிக்கலாம் பாருங்க. ஆவணியில ஒரு நாள் குறிச்சோம், அன்னிக்கு வார்னிஷ் காயல. அப்புறம் நானே வாயைக் குடுத்தேன்: "ஆயுத பூஜைக்கு வச்சுட்டு ஏத்தலாம்டா. முதல் ஓட்டம், பூஜை போடாம எப்படி?" பூஜை போட்டோம். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம். மறுநாளே மழை பிடிச்சுக்கிச்சு. ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் வயலெல்லாம் தண்ணி. மார்கழியில நல்ல காரியம் ஆகாதுன்னு அதையும் தள்ளினேன்.

அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. மழைக்காலத்துல ஒருநாள், நான் இன்ஜின் புகைக்குழாய் பக்கம் விளக்குக்கரியைத் தொட்டுத் தொட்டுத் தேய்ச்சுக்கினு இருந்தேன், புகை படிஞ்ச மாதிரி தெரியணும்னு. "நிஜமாட்டமே இருக்குதுண்ணா"ன்னான். டீ டம்ளரை அன்னிக்கு ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல அணைச்சுப் பிடிச்சிருந்தான். நான் பாத்தேன். பாத்துட்டு மறுபடியும் குனிஞ்சு கரியைத் தேய்ச்சேன்.

முடிச்சுக் குடுத்துட்டா அப்புறம் அவன் எதுக்காகக் காத்துக்கினு இருப்பான்னு உள்ளுக்குள்ள பயமோ என்னவோ. இல்ல, அதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கிற சமாதானம். எனக்கு அது அழகா இருக்கணும், அவ்ளோதான். சனியன் பிடிச்ச அழகு.

பொங்கல் கழிஞ்ச ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பினோம். அதுக்குள்ள ஜெராக்ஸ் கடையை அவன் பொண்டாட்டி பாத்துக்க ஆரம்பிச்சிருந்தா. முந்தின நாள் ரிமோட்டைத் திறந்து குச்சியோட ஸ்பிரிங்கை எவ்ளோ லூஸ் பண்ண முடியுமோ அவ்ளோ லூஸ் பண்ணினேன். "அசையுதுண்ணா, போதும்"ன்னு வூட்டுல அசைச்சும் காட்டினான். ஆனா அன்னிக்குப் பனி ஜாஸ்தி. வாடகைக் காருக்குள்ளயே விரலைக் கக்கத்துல வச்சுக்கினு வந்தான்.

தெரிஞ்ச விவசாயி ஒருத்தரோட தரிசு நிலம். அதைத் தாண்டி கரும்பு, அதுக்கும் அந்தாண்ட மலை. தம்பியைப் பிளாஸ்டிக் சேர்ல உட்கார வச்சு, ரிமோட்டைக் கழுத்துல மாட்டினேன். நான் பின்னாடி நின்னுக்கினு அவன் விரல் மேல என் விரலை வச்சேன். "மெதுவா தள்ளு... இப்ப இழுண்ணா... வுடு, வுடு." அவன் சொன்னான், நான் அழுத்தினேன். விமானம் ஓடிச்சு, வாலைத் தூக்கிச்சு, ஏறிடுச்சு.

ஐயோ, எவ்ளோ அழகு! வெயில்ல அந்தப் பச்சையும் பழுப்பும், நான் வரைஞ்ச வட்டமும். "நிஜ விமானமே தோத்துதுங்க"ன்னார் விவசாயி. நான் கர்வத்துல மிதந்தேன்.

"கையை எடுண்ணா. நான் ஓட்டறேன்"ன்னான் தம்பி.

எடுத்தேன். விமானம் நேரா மேற்கால போச்சு. கரும்பைத் தாண்டிச்சு. நேராப் பறக்கற சுகத்தை அனுபவிக்கறான்னு நினைச்சுக்கினு நானும் வாயைப் பொளந்து பாத்துக்கினு நின்னேன். இன்னும் தூரம் போச்சு. சத்தம் கம்மி ஆயிடுச்சு.

"திருப்புடா"ன்னேன்.

அது நேரா போய்க்கினே இருந்தது.

"டேய், திருப்புடா! கண்ணுக்கே தெரியல! இன்னாடா வேடிக்கை பாத்துக்கினு இருக்க?" ஊரே கேட்கற மாதிரி கத்தினேன்.

"திருப்பிக்கினுதாண்ணா இருக்கேன்."

குனிஞ்சு பாத்தேன். கட்டை விரல் குச்சி மேல இருந்தது. தோளையே சாய்ச்சு, மொத்த உடம்பையும் அந்த விரல்ல வச்சுத் தள்ளிக்கினு இருந்தான். கழுத்துல வேர்வை. குச்சி நடுவுல அப்படியே நின்னுது.

பிடுங்கி நானே திருப்பிப் பாத்திருக்கலாம். கை போகல. விமானம் மலைப்பக்கம் புள்ளியாகி மறைஞ்சுது. மறைஞ்ச பிறகும் அவன் திருப்பிக்கினே இருந்தான்.