கையால் திட்டிய அக்கா

இரண்டாயிரத்து எட்டில் ஆர்.கே.பேட்டையில் கரண்ட் எப்போது போகும் என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது வரும் என்றுதான் யாருக்கும் தெரியாது. கரண்ட் போனால் தெரு முழுக்க விசைத்தறிகள் ஒரேயடியாக வாயை மூடிக்கொள்ளும். அந்த அமைதியில்தான் ஹரிஹரன் தன் அக்கா வரலட்சுமியையும் அவள் புருஷன் துளசிங்கம் பாவாவையும் நிற்க வைத்து, கேமரா போனில் காமெடி எடுப்பான்.

அவன் டிப்ளமா முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த காலம். திருத்தணி பிரவுசிங் சென்டருக்கு விண்ணப்பம் போடப் போனவன், யார் யாரோ வீட்டுக் கூடத்தில் எடுத்துப் போட்ட சிரிப்பு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்தான்.

"இவனுங்கள விட நீ நல்லா பேசுவக்கா. வா."

"போடா, அறுந்த இழைய முடிய நேரமில்ல எனக்கு."

சொன்னாளே தவிர, அடுத்த தடவை கரண்ட் போனதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். பதினாலு வயதில் தறிக்கு வந்தவள். அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தவளும் அவள்தான். அவன் ஒன்று கேட்டு இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது.

நாலைந்து காமெடி எடுத்தார்கள். ஒன்றும் தேறவில்லை. பிறகு ஆடிக் கிருத்திகை வந்தது. துளசிங்கம் திருத்தணி மலைக்குக் காவடி எடுத்து, மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். சந்தனம் பூசிய அந்தத் தலையைப் பார்த்ததும் ஹரிஹரனுக்கு யோசனை பிறந்தது. மொட்டையோடு வரும் புருஷனைப் பெண்டாட்டிக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான் கதை.

"யாருய்யா நீ? எங்க வீட்டுக்காரரு மலைக்குப் போயிருக்காரு."

"அடியே, நான்தான்டி!"

"அவருக்குச் சுருட்ட முடி. நீ வழுக்கையாட்டம் நின்னுகினு என்னை அடி கிடின்றியா?"

இந்த இடத்தில் கரண்ட் வந்துவிட்டது. தெரு மொத்தமும் தடதடவென்று எழுந்தது. வரலட்சுமி வசனத்தை நிறுத்தவில்லை. ஆனால் கால் தன்னால் தறிப்பக்கம் போய்விட்டது. வந்த கரண்டை வீணாக்கி அந்தத் தெருவில் யாருக்கும் பழக்கமில்லை. கைப்பிடியைத் தள்ளித் தறியை ஓட்டிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பி, கையாலேயே சண்டையைத் தொடர்ந்தாள். தறி ஓடும்போது வாயால் பேசினால் காதில் விழாது. அங்கே எல்லோரும் பேசுவது கையால்தான். போ, வராதே, உன் மூஞ்சிக்கு டீ ஒரு கேடா என்று விரல்களைப் பறக்கவிட்டாள். துளசிங்கமும் தலையைத் தட்டித் தட்டிக் காட்டிக் கையால் கெஞ்சினார். நடுவில் ஓர் இழை அறுந்தது. தறியை நிறுத்திக் குனிந்து முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டினாள். புருஷன் பாத்திரத்தில் இருந்தவரோ, நடிப்பை மறந்து பக்கத்துத் தறிக்கு எண்ணெய் விட ஆரம்பித்துவிட்டார்.

வீடியோ கெட்டுப்போனது என்றுதான் மூவரும் நினைத்தார்கள். மறுபடி எடுக்கலாமென்றால் கரண்ட் கட்டும் மொட்டையும் ஒரே சமயத்தில் வாய்க்கவில்லை. முடி வளர்ந்துவிட்டது. ஹரிஹரன் இருப்பதையே பிரவுசிங் சென்டரில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஏற்றிவிட்டு வந்தான்.

ஒரு மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள். சூரத்திலிருந்து ஒரு தறிக்காரர், "இந்த அம்மா எங்க சம்சாரம் மாதிரியே" என்று எழுதியிருந்தார். சார்ஜாவிலிருந்து ஒருவர், "அக்கா கையாலயே இந்தத் திட்டு திட்றாங்களே, வாயால திட்டினா ஊரு தாங்குமா" என்று கேட்டிருந்தார். ஹரிஹரன் படித்துக் காட்டும்போதெல்லாம் வரலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு, "இன்னொரு வாட்டி சொல்லு, இன்னா எழுதிகிறாங்க?" என்பாள்.

அடுத்த வருஷம் அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. முதலில் வாராவாரம் வந்தான். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. ஒரு முறை நல்ல கேமராவும் ஸ்டாண்டும் வசனம் எழுதிய தாள்களுமாக வந்து இறங்கினான். அமாவாசை நாள், தெருவில் தறி ஓடாது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. ஆனால் சிரிப்பு மட்டும் வரவில்லை.

"அக்கா, நீ நடிக்கிற."

"நடிக்கத்தானேடா சொன்ன?"

"அன்னிக்கு மாதிரி இரு."

"அன்னிக்கு எப்படி இருந்தேன்னு எனக்கு இன்னாடா தெரியும்?"

அவன் கேமராவை மூடிப் பைக்குள் வைத்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள்தான் ஒவ்வொரு போனிலும் கேட்டாள். "எப்ப வர்ற? ஒரு காமெடி எடுக்கலாமே." அவன், "அதெல்லாம் தானா வந்ததுக்கா" என்பான். தனக்கு நடிக்க வராததால்தான் தம்பி வருவதைக் குறைத்துக்கொண்டான் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. தறியில் நிற்கும்போது, யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு கையை ஆட்டிப் பார்ப்பாள். அன்றைக்கு வந்தது வரவில்லை.

ஒரு நாள் ரேஷன் கார்டு விஷயமாகத் திருத்தணி தாலுகா ஆபீசுக்குப் போனவள், திரும்பும் வழியில் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாள். அதை நடத்துகிற சாய்லக்ஷ்மியிடம் தம்பி பேரைச் சொல்லி, அந்த வீடியோவைப் போடச் சொன்னாள். அவள் அதை ஹரிஹரன் போனின் தீப்பெட்டி அளவுத் திரையில் ஒரே ஒரு தடவை பார்த்ததோடு சரி. தான் எங்கே, எப்படி நன்றாகச் செய்தோம் என்று கண்டுபிடித்துவிட்டால் மறுபடி செய்யலாமே என்பது அவள் கணக்கு.

பெரிய திரையில் பார்த்தபோது அவள் கண்ணில் பட்டது வேறு. படம் நிலையாக நிற்கவே இல்லை. கரண்ட் வந்த நொடியிலிருந்து கடைசி வரை ஆடிக்கொண்டே இருந்தது. தறியின் அதிர்வு என்று முதலில் நினைத்தாள். ஆனால் அவள் கையை ஓங்கும்போதெல்லாம் படம் மேலே துள்ளியது, துளசிங்கம் எண்ணெய்க் குப்பியை எடுத்தபோது ஒரேயடியாகத் தரையைப் பார்த்துக் கவிழ்ந்தது. போனைப் பிடித்திருந்தவன் சிரித்திருக்கிறான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், நாலு நிமிஷம் சிரித்திருக்கிறான். அவன் சிரிக்கச் சிரிக்க, எதிரே நின்றவளுக்குக் கை தானாக எழுந்திருக்கிறது. ஸ்டாண்டில் வைத்த கேமரா ஆடவில்லை.

அங்கிருந்தே போன் போட்டாள்.

"ஹரி, வர்ற ஞாயித்துக்கெழம வர்றியாடா?"

"அக்கா, வேலைல கீறேன். காமெடி எடுக்கவா? கேமராவ ஒருத்தன் வாங்கிகினு போயிட்டான்."

"கேமரா வேணாம். நீ மட்டும் வா."

"நான் வந்து இன்னாக்கா பண்றது?"

"சும்மா எதிர்ல நில்லு" என்றாள்.

"பாக்கறேன்க்கா" என்றான். அவர்கள் வீட்டில் பாக்கறேன் என்றால் வரமுடியாது என்று அர்த்தம். அவளும் எத்தனையோ பேரிடம் அப்படிச் சொன்னவள்தான்.

"ஆங், பாரு" என்று போனை வைத்தாள்.

சாய்லக்ஷ்மி கேட்டாள்: "மூடிடவாங்க?"

"அரை மணி நேரத்துக்குக் காசு குடுத்தேனே. இன்னும் நேரம் இருக்குது இல்ல? மறுபடி போடுங்க."

வரலட்சுமி நாற்காலியை இழுத்துத் திரைக்குக் கிட்டே போட்டுக்கொண்டாள்.