ஏலம் போகாத பயம்

மொத்தக் காய்கறிச் சந்தையில் அவளுக்கு வைத்த பெயர் சைரன். விடிந்தும் விடியாததுமாக லாரிகள் வந்து சரக்கை இறக்கும்போது, உருளைக்கிழங்கு மூட்டைகள் மேல் ஏறி நின்று அவள் முதல் விலையைக் கூவினால் போதும். கடைசி வரிசையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிற வியாபாரி கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார். ஒலிபெருக்கி வாங்கித் தருகிறேன் என்று மண்டிக்காரர் ஒரு முறை சொன்னார். "அதை நீங்க வெச்சுக்குங்க. எனக்குப் பதில் சொல்றதுக்கு உங்களுக்குத்தான் தேவைப்படும்" என்றாள்.

அந்தச் சந்தையில் அதற்கு முன் பெண்கள் யாரும் ஏலம் விட்டதில்லை. அவள் கணக்கு எழுத வந்தவள். ஏலக்காரர் காலை முறித்துக்கொண்டு படுத்துவிட்ட ஒரு நாள், தக்காளி கூடையிலேயே வாடுகிறதே என்ற ஆத்திரத்தில் மேலே ஏறினாள். அதற்குப் பிறகு அவளை இறங்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

காத்திருப்பது மட்டும் அவளுக்கு ஆகாது. பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்க மாட்டாள். அடுத்தவர் ஆரம்பித்த பேச்சை அவளே முடித்து வைப்பாள். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். நாள் முழுக்கக் குழந்தைகளின் இரைச்சலில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால்தான் என்ன, மிச்சத்தை அவள் சொல்லிவிடுவாள் என்று விட்டுவிட்டார். மகள் வெளியூர் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். வீட்டில் அவர்களோடு இருந்த மூன்றாவது ஆள் அவருடைய தங்கை. பாலர் பள்ளியில் டீச்சர். அண்ணியும் நாத்தனாரும் துணி காயப்போடும் கொடிக்காகச் சண்டை போடாத வாரமில்லை.

முதலில் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர் குடித்தாள், உப்பு நீரில் கொப்பளித்தாள், மூட்டைத் தூசி என்றாள், பனி என்றாள். பிறகு ஒரு காலை, முட்டைக்கோஸ் ஏலத்தின் நடுவே குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். மறுபடி வாயைத் திறந்தாள், மறுபடியும் காற்றுதான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்துத் தெரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே தொண்டை டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம்தான் தேதி கிடைத்தது.

"அடுத்த மாசமா? அதுக்குள்ள ஒரு தக்காளி அழுகி, விதை விழுந்து, மறுபடியும் முளைச்சிடும்" என்றாள், வந்த குரலில்.

"உங்களுக்கு முன்னாடி நிறைய பேர் இருக்காங்கம்மா" என்றாள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்.

மறுநாளும் போனாள், யாராவது வராமல் போனால் அந்த இடத்தைத் தனக்குத் தரச் சொல்லி. அதற்கடுத்த நாளும் போனாள். கடைசியில் அவள் தலை தெரிந்ததுமே அந்தப் பெண், "இன்னிக்கும் எல்லாரும் வந்துட்டாங்கம்மா" என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். அந்த மாதம் முழுக்க வீட்டில் பாத்திரங்கள் சத்தமாகவே வைக்கப்பட்டன.

ஒருவழியாகத் தேதி வந்தது. டாக்டர் அம்மா மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு வெள்ளை நாடாக்கள் போல எதுவோ துடித்தன. அதில் ஒன்றின் ஓரத்தில் சிறியதாக ஒரு தடிப்பு.

"இதை எடுத்துட்டு டெஸ்டுக்கு அனுப்பணும்" என்றார் டாக்டர்.

"கெட்டதா இருக்குமா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரிசல்ட் வராம ஏதோ ஒண்ணைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தவும் மாட்டேன், ஏமாத்தவும் மாட்டேன்."

தடிப்பை எடுத்தார்கள். அவள் மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, "பேசாதீங்க." தான் சொல்லும்வரை பேசவே கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்றார். ரிசல்ட் வர நாளாகும், வந்ததும் கூப்பிடுவோம் என்றார்.

ஊரையே கூப்பிட்டு எழுப்பிய தொண்டைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை; அதைப் பற்றிப் புலம்பவும் வழியில்லை. அவள் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தேடினாள். தேடத் தேட வியாதி வளர்ந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கணவரைப் பார்த்தால், உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாமல் இந்த மனிதர் தனியாக என்ன செய்வார் என்று தோன்றியது. அவரோ அவளுக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார்தான் பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் போர்வையை இழுத்தாள். "அண்ணி, போனைக் கொடுங்க. இனிமே இது என்கிட்ட." கையில் பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஒரு சிலேட்டு இருந்தது. "பயந்தா பயந்துக்குங்க, வேணாங்கல. நாள் பூரா பயப்படாதீங்க. சாயங்காலம் டீ குடிக்கிறப்ப அதுக்குன்னு நேரம் ஒதுக்குவோம். அப்ப எல்லாத்தையும் எழுதுங்க."

அன்று மாலை சமையலறை மேஜையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். அவள் சிலேட்டில் எழுதினாள், எழுதினாள், ஓரம்வரை எழுதினாள். நாத்தனார் அதை வாங்கிப் படித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, முக்காலி மேல் ஏறி நின்றாள்.

"முதல் சரக்கு. 'ஹாஸ்டல்ல இருக்கிற மககிட்ட எப்படிச் சொல்றது.' நல்ல கனமான பயம், நேத்து வந்தது. யாரு எடுக்கறீங்க? ஒரு தரம்..."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேலி செய்கிறாளா? கையை ஓங்கி மேஜையில் அடிக்கப் போனபோது, பக்கத்தில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது.

"எனக்கு" என்றார் கணவர். "நான் சொல்லிக்கிறேன். ஞாயித்துக்கிழமை நேர்ல போய்ச் சொல்லிட்டு வரேன்."

"மூணு தரம். அண்ணன் எடுத்துட்டாரு" என்று அந்த வரியை விரலால் அழித்தாள் நாத்தனார். "அடுத்தது. 'மண்டியில என் இடத்துல வேற ஆளை நிறுத்திடுவாங்க.' இது எனக்கு. நாளைக்கே போய் மண்டிக்காரரைக் கேக்கறேன். அடுத்தது, 'அவருக்கு உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியாது.'"

"தெரியும்" என்றார் கணவர். எழுந்து போய் மூன்று டப்பாக்களைத் திறந்து, நான்காவதாக உப்பை எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். அவள் சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

ஒரே ஒரு வரியை யாராலும் எடுக்க முடியவில்லை. 'அதுவாகவே இருந்துவிட்டால்.' நாத்தனார் மூன்று தரம் கேட்டுவிட்டு, "சரக்கு ஏலம் போகல. நாளைக்கு மறுபடியும் வெப்போம்" என்று சிலேட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் அந்த ஏலம் நடந்தது. பகலில் ஏதாவது பயம் கிளம்பினால், சாயங்காலம் பார்த்துக்கொள்வோம் என்று அவள் துணி துவைக்கப் போனாள். மாலையில் எழுத உட்கார்ந்தால் பாதி ஞாபகம் வராது. வந்ததிலும் பாதி சிரிப்பாக இருக்கும். தொண்டைக்குச் சூடாக இருக்கட்டுமென்று கழுத்தில் கட்டியிருக்கும் துணி கேவலமாக இருக்கிறது என்பதையும் ஒரு நாள் பயக் கணக்கில் எழுதினாள். நாத்தனார் தன்னுடைய நல்ல பட்டுத் துணியைக் கொண்டுவந்து கட்டிவிட்டாள். துணிக்கொடி விஷயத்திலும் சமாதானம் ஏற்பட்டது. பேச முடியாதவளோடு எப்படிச் சண்டை போடுவது என்று நாத்தனார் அதற்குக் காரணம் சொன்னாள்.

மண்டிக்காரர் சொல்லி அனுப்பிய பதில் இதுதான்: "குரல் இல்லாட்டி என்ன, கண்ணும் கையும் இருக்குல்ல. வந்து நிக்கச் சொல்லுங்க. கூவ யாரையாவது கூட்டிட்டு வரட்டும்."

கூட்டிக்கொண்டு போக ஒருவர்தான் இருந்தார். பேருந்து எடுக்க நேரம் இருந்ததால், அன்று விடியற்காலையில் கணவர் மூட்டை மேல் அவளுக்குப் பக்கத்தில் ஏறி நின்றார். அவள் விரலால் விலை காட்ட வேண்டும், அவர் கூவ வேண்டும். அவர் முதல் கூடையைக் குனிந்து பார்த்தார். "தக்காளி" என்றார், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போல. "மேல நல்லா இருக்கு. அடியில கொஞ்சம் நசுங்கி இருக்கும் போலிருக்கு."

மண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. இத்தனை வருடத்தில் இப்படி உண்மை பேசும் ஏலக்காரரை அவர்கள் கண்டதில்லை. அவர் "இது நல்ல சரக்கு" என்று சொன்ன ஒவ்வொரு கூடைக்கும் போட்டி போட்டார்கள். அவள் கண் ஒவ்வொரு முகமாகப் போனது. ஓரத்தில் புருவம் உயர்த்திய ஆளைக்கூட அவள் விரல் தவறவிடவில்லை. லாரி எல்லாம் காலியானபோது வெயில் இன்னும் ஏறவில்லை. மூட்டையிலிருந்து இறங்கும்போது அவளுக்குப் பசித்தது. மயக்கம் தெளிந்த நாளிலிருந்து அன்றுதான் முதல் முறையாக நன்றாகப் பசித்தது.

அடுத்த வாரம் போன் வந்தது. கணவர்தான் எடுத்தார். "நாளைக்குக் காலையில நேர்ல வரணுமாம்" என்றார் போனை வைத்துவிட்டு. நல்லதா கெட்டதா என்று கேட்டதற்கு, போனில் சொல்ல மாட்டோம் என்றார்களாம்.

அன்று மாலை அவள் சிலேட்டில் அந்த ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை. நாத்தனார் முக்காலியில் ஏறினாள். அதைப் படித்துவிட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டாள். டீ ஆறிப்போனது.

கணவர் தொண்டையைச் செருமினார். "சந்தையில, ஒரே ஆளால எடுக்க முடியாத சரக்கை என்ன பண்ணுவாங்க?"

அவள் சுண்ணக்கட்டியை எடுத்து எழுதினாள்: 'பங்கு போட்டு எடுப்பாங்க.'

"அப்ப மூணு பங்கு" என்றார் அவர். மூவரும் சாப்பிட்டார்கள், படுத்தார்கள். அவள் தூங்கவும் செய்தாள்.

மருத்துவமனைக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அத்தனை தலைகளும் திரும்பின. முன்பெல்லாம் அவள் கண்ணாடி ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்; இன்று பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். கைப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பெயரைக் கூப்பிடும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தான் இவ்வளவு நேரம் நகராமல் உட்கார்ந்திருந்தது எழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

டாக்டர் அம்மா அவர்கள் உட்காரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. "கேன்சர் இல்ல" என்றார். "கத்திக் கத்தி வந்த சாதாரணத் தடிப்புதான். முழுசா எடுத்தாச்சு. குரல் பயிற்சி ஆரம்பிக்கணும், அதுக்குத்தான் நேர்ல வரச் சொன்னேன். அதுவரைக்கும்..." அவள் வாய் திறப்பதைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "பேசாதீங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து கொட்டியது. இரண்டு காலையும் தரையில் மாற்றி மாற்றி உதைத்தாள். கத்த முடியாத சந்தோஷம் உடம்பில் எங்கே போவதென்று தெரியாமல் அலைந்தது. பக்கத்தில் திரும்பினால் கணவரைக் காணோம். கதவு திறந்திருந்தது.

வெளியே கூடத்தின் நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். போனில் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். "இல்லையாம்" என்றார். அங்கே பிள்ளைகள் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. "ஒண்ணும் இல்லையாம், நல்லா இருக்காளாம்" என்று கூடம் அதிரக் கத்தினார். நர்ஸ் ஒருத்தி உதட்டில் விரல் வைத்தாள். அவர் அவளிடமும் அதையே சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்கூட எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

பயிற்சிக்குச் சில மாதம் பிடித்தது. பொம்மையைத் தாலாட்டுவது போல ம்ம்ம் என்று முனகுவதில் தொடங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் குரலைத் திரும்ப வாங்கினாள். வந்தது பழைய குரல் இல்லை. தணிந்த, கொஞ்சம் கனத்த குரல். கத்தினால் தடிப்பு மறுபடியும் வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார், அதனால் கத்துவதில்லை என்று முடிவு செய்தாள்.

சந்தைக்குத் திரும்பிய காலையில் மூட்டை மேல் ஏறி, "வெண்டைக்காய், புதுசா பறிச்சது" என்றாள். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. அவர்கள் முன்னால் நகர்ந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் இன்னொருவரை அதட்டி அடக்கினார். சந்தை முழுவதும் கழுத்தை நீட்டிக்கொண்டு அவளைச் சுற்றி நெருங்கி நின்றது. அவள் அவசரப்படாமல் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, விலையைச் சொன்னாள். ஏழெட்டுக் கைகள் ஒன்றாக உயர்ந்தன.