நட்சத்திரம் தட்டிவிட்ட கை

போன மாதம் எங்கள் திருவேற்காட்டில் ஒரு ஷோரூம் திறந்தார்கள். மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் சமாசாரம். ரிப்பன் வெட்ட சீரியல் நடிகர் வருகிறார், முதலில் வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் பக்கெட் இலவசம் என்று ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகக் கத்தினார்கள். நான் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். நடிகரைப் பார்க்க என்றால் கௌரவக் குறைச்சல். பக்கெட்டுக்கு என்றால் அதைவிடக் குறைச்சல்!

நடிகர் பெயர் வேண்டாமே. அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், கண்ணில் மட்டும் தண்ணீர் விடுகிற வேஷம் அவருக்கு. எங்கள் தெரு மாமியார்கள் பலருக்குச் சொந்த மாப்பிள்ளை மேல் இல்லாத பாசம் அவர் மேல் உண்டு.

என்னோடு வந்தவள் செல்வி. எங்கள் தெருவின் கடைசி வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு ரெடிமேட் துணி கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் மாரி, பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

செல்விக்கு ஒரு பழக்கம். யாராவது கொஞ்சம் பளிச்சென்று இருந்தால் போதும். பக்கத்து வீட்டுக் குழந்தையோ, புதுப் புடவை கட்டிய நானோ... இரண்டு கையாலும் முகத்தை வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து விரல்களை மடக்கி நெட்டி முறிப்பாள். படபடவென்று சத்தம் வரும். "பாத்தியாக்கா, எம்மாங் கண்ணு உன் மேல!" என்பாள். என் மேல் யார் கண் வைக்கப்போகிறார்கள்? ஆனாலும் கேட்க நன்றாக இருக்கும்.

நடிகர் வந்தார். நல்ல வெயில், நெரிசல், தள்ளுமுள்ளு. ஆளுக்கொரு பக்கம் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். எங்கள் ஏரியா பிரமுகர் ஒருவர் இருக்கிறார். எந்த விழாவானாலும் பேனரில் சிரிப்பவர். அவர் நடிகரின் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு, போன் தூக்கியவர்களுக்கெல்லாம் அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு வேறு. நடிகர் சிரித்தபடியே நின்றார்.

எல்லாம் முடிந்து காருக்குத் திரும்பும் வழியில் செல்வி நின்றாள். முழங்கையில் இலவச பக்கெட் தொங்குகிறது. இவ்வளவு பக்கத்தில் அவரைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றும்? இரண்டு கையும் தானாக அவர் முகத்தை நோக்கிப் போனது.

பட்டென்று தட்டிவிட்டார். தட்டியதோடு விடவில்லை.

"ஏய்! மூஞ்சில கை வைக்கிற? அறிவில்ல உனக்கு?"

பக்கெட் கழன்று விழுந்து, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே உருண்டது. செல்வி கையை அப்படியே காற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். கார் போய்விட்டது.

பக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டு நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் வீடியோ எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது!

முதலில் எல்லோரும் நடிகரைத்தான் திட்டினார்கள். சாயங்காலம் அவருடைய ரசிகர்கள் விழித்துக்கொண்டார்கள். 'கன்னத்தைக் கிள்ள வந்தால் சும்மா இருப்பாரா?' என்று ஒருவர். 'இந்த வயதில் ஆன்ட்டிக்கு ஆசையைப் பாருங்கள்' என்று இன்னொருவர். அதற்குமேல் எழுதியதெல்லாம் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. 'பக்கெட் ஆன்ட்டி' என்று பெயரும் வைத்தாயிற்று.

மாரியின் ஆட்டோவிலேயே பின்னால் உட்கார்ந்து ஒரு ஆள் அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுச் சிரித்தானாம். மாரி என்னிடம் சொன்னார்: "எறக்கி உட்டுடலாம்னு வாய் வரிக்கும் வந்துச்சுக்கா. இன்னான்னு சொல்லி எறக்கறது? அது எம் பொண்டாட்டின்னா?"

செல்வி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "வேன்ல ஏறுனா எல்லாரும் போனப் பாக்கறாங்களா, என்னியப் பாக்கறாங்களான்னே தெர்லக்கா" என்றாள். "தட்டுனது கூட போவுது. அவுனுக்கு எம் புள்ள வயசு. கெட்ட எண்ணத்துல கை வச்சேன்னு எழுதிகிறாங்களே... அத்த எப்டிக்கா அழிக்கிறது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மனசு ஆறவே இல்லை.

பிரபலங்கள் பொறுமை இழப்பது புதிதா என்ன? ஒருவர் செல்பி எடுத்தவன் போனைப் பிடுங்கி எறிகிறார். ஒருவர் மேடையிலேயே மைக்கை வீசுகிறார். நாமும் உச்சுக் கொட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. செல்விக்கு அவரைத் தெரியும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவள் வீட்டு ஹாலுக்கு வருகிறவர் ஆயிற்றே! ஆனால் அவருக்குச் செல்வி யார்? முகத்துக்கு நேராக முன்பின் தெரியாத இரண்டு கை வந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? பதறத்தான் செய்வோம். கையைத் தட்டியதைக்கூட விட்டுவிடலாம்.

ஆனால் அந்த விழாவின் முழு வீடியோவும் கிடைத்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிரமுகர் கழுத்தை நெரிக்கிறார்... சிரிப்பு. முகத்தைப் பிடித்துத் திருப்புகிறார்... சிரிப்பு. கன்னத்தில் தட்டுகிறார்... அதற்கும் சிரிப்பு! சேர்த்து வைத்த எரிச்சல் எல்லாம் பக்கெட்டோடு நின்ற பெண்ணைப் பார்த்ததும்தான் வெளியே வருகிறது. நிதானம் இழந்துவிட்டார் என்கிறோம். அப்படியா? யாரிடம் இழக்கலாம், யாரிடம் இழக்கக் கூடாது என்பதில் மனிதர் ரொம்ப நிதானமாகத்தான் இருந்திருக்கிறார்.

நடிகர்கள் மட்டும்தானா? ஆபீசில் மேலதிகாரியிடம் வாங்கியதை வாட்ச்மேனிடம் இறக்கி வைக்காதவர் கையைத் தூக்குங்கள். என்ன, நமக்கு யாரும் போன் தூக்குவதில்லை. அவ்வளவுதான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஷோரூம்காரர் மூலமாகத் தகவல் வந்தது. நடிகர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கப்போகிறாராம். கேமராவோடு. "வரட்டும், நாலு கேள்வி கேக்காம உடமாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார் மாரி. வந்தபோது முதல் ஆளாக ஓடிப்போய் கூல்டிரிங்ஸ் வாங்கி வந்தவரும் அவர்தான்! செல்வி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

கூட வந்த தன் மேனேஜர் எழுதிக் கொடுத்ததை நடிகர் கேமராவைப் பார்த்துச் சொன்னார். "அது ஒரு சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங். நாங்க ரெண்டு பேருமே மறந்துட்டோம்..." கண்ணில் தண்ணீர் சரியான இடத்தில் வந்தது.

"நிறுத்து தம்பி" என்றாள் செல்வி. "மறந்துட்டோம்னு எனக்கும் சேத்து நீ சொல்லாத. நா மறக்கல. நா இன்னா பண்ண வந்தேன்னு சொல்லு. திருஷ்டி கழிக்க வந்தாங்க, அவுங்க மேல தப்பில்லன்னு சொல்லு. அது போதும் எனுக்கு."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நடிகர் கையால் நிறுத்தினார். கேமராவை விட்டுவிட்டுச் செல்வியைப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து ஆளாளுக்குப் பிடிச்சு இழுத்துட்டிருந்தாங்கம்மா. அந்தக் கோவத்த உங்க மேல காட்டிட்டேன். நீங்க எனக்கு திருஷ்டி கழிக்கத்தான் வந்தீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் பண்ணதுதான் தப்பு."

இந்த முறை கண்ணில் தண்ணீர் இல்லை. அதனாலேயே எனக்கு நம்பத் தோன்றியது.

"சூப்பர் சார்!" என்றார் மேனேஜர். "ஆன்ட்டி, இப்ப அந்த நெட்டி முறிக்கிறத ஒரு தடவ பண்ணிடுங்க. அந்த பக்கெட் இருக்கா? ப்ரேம்ல வச்சுக்கலாம்."

"பக்கெட்டு பாத்ரூம்ல கீது, எத்துகினு போ. நெட்டி வராது தம்பி."

"சும்மா ஒரு ஆக்‌ஷன்தான் ஆன்ட்டி..."

"அத்த சும்மா பண்ணக் கூடாது." பிறகு நடிகரிடம் திரும்பினாள். "மன்னிச்சுட்டேன்பா. நல்லாரு. ஆனா இந்தக் கை இப்ப தூக்க மாட்டேங்குது."

அவர் தலையை ஆட்டினார். வற்புறுத்தவில்லை.

சொன்ன வார்த்தையை வெட்டாமல் அந்த வீடியோவைப் போட்டார்கள். அசிங்கமாக எழுதியவர்களில் சிலர் அழித்தார்கள். சிலர் அழிக்கவில்லை. செல்வி மறுபடி கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். பின்சீட்டிலிருந்து மெதுவாக ஜன்னல் சீட்டுக்கும் வந்துவிட்டாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அன்றைக்கு நடிகர் கிளம்பும்போது நடந்தது.

விஷயம் தெரிந்து தெருவில் கூட்டம் சேர்ந்திருந்தது. நானும் செல்வியும் கேட் ஓரமாக நின்றோம். அவர் வெளியே வந்ததும், எங்கிருந்துதான் முளைத்தாரோ, அதே பிரமுகர்! அதே கை, அதே கழுத்து. "இன்னாபா ஈரோ, நம்ம ஏரியாவுக்கு வந்துட்டு நம்மள பாக்காம போற?" என்று முகத்தைப் பிடித்துப் போன்கள் பக்கம் திருப்பினார். நடிகரின் கை பாதி வரை மேலே எழுந்தது. பிறகு கீழே இறங்கிவிட்டது. சிரித்தார். சீரியலில் சிரிக்கிற அதே சிரிப்பு.

செல்வி பார்த்துக்கொண்டே நின்றாள். கார் தெரு முனை திரும்பியதும் பெருமூச்சு விட்டாள்.

"பாவம்க்கா. அந்தாளு கைய ஒரே ஒரு தபா தட்டி உட்டிருந்தான்னு வையி... நானே ஓடிப் போயி நெட்டி முறிச்சிருப்பேன்."