எண்ணெய்த் தலையும் மூளை அலையும்

பேராவூரணி தேங்காய் மண்டிக்காரர் நெய்னா முகம்மதுவின் மகள் ஜஸீலா, தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் டெக்னீஷியன். அங்கே நடக்கும் நினைவாற்றல் சோதனையில், திரையில் சில எண்கள் தோன்றி மறையும். சற்றுப் பொறுத்து ஒற்றை எண் வரும். அது முன்பு வந்த எண்தானா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில், எண்களை நினைவில் பிடித்து வைத்திருக்கும் மூளையின் மின்னலைகளைத் தலையில் மாட்டிய தொப்பி பதிவு செய்யும். தொப்பி மாட்டுவது ஜஸீலாவின் வேலை.

சோதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் மாணவர்கள். படிப்பவர்களின் மூளையை மட்டும் பார்த்தால் போதாது, வயல்வேலை செய்யும் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று அவள் விடாமல் கேட்டாள். முடிந்தால் அழைத்து வரச் சொன்னார் பேராசிரியர் இராஜாங்கம்.

முதலில் வந்தவர் பேராவூரணியில் ஜஸீலா வீட்டுக்குப் பக்கத்துத் தெரு பிரகதாம்பாள், நடவு வேலை செய்பவர். தலை நிறைய எண்ணெய். தொப்பியில் மின்னலைகளைப் பிடிக்கும் எலக்ட்ரோடுகள் தோலில் சரியாகப் பதியவில்லை. திரை முழுக்கக் கிறுக்கல்தான். மாணவர்களே போதும் என்றார் இராஜாங்கம். இன்னொரு வாய்ப்பு கேட்டு வாங்கினாள் ஜஸீலா.

தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வரும்படி பிரகதாம்பாளிடம் சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது.

"காஞ்ச தலையோட பஸ்ஸுல வந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

ஜஸீலா யோசித்துப் பார்த்தாள். மறுநாளே ஆய்வகத்தின் பின்னறையில் வாளி, வெந்நீர், சீயக்காய், ஹேர் டிரையர், சீப்பு, கண்ணாடி எல்லாம் வந்தன. மண்டியிலிருந்து ஒரு பாட்டில் தேங்காயெண்ணெயும் வந்தது.

"இங்கேயே அலசிக்கலாம்க்கா. முடிஞ்சதும் எண்ணெய் வச்சுப் பின்னிட்டு, வந்த மாதிரியே போங்க."

பிரகதாம்பாள் சம்மதித்தார். ஜஸீலாவே அவர் தலையை அலசி உலர்த்தினாள். இம்முறை கோடுகள் தெளிவாக எழுந்தன. எண்கள் கூடக் கூடத் தவறுகளும் கூடின. அது பிரகதாம்பாளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னொரு தடவை போடும்மா. இப்ப சரியா சொல்லிடறேன்."

"வேணாம்க்கா. தப்பு வர்ற நேரத்துல மூளை என்ன பண்ணுதுன்னும் பாக்கணும்ல."

அரைமனதோடு எழுந்தார் பிரகதாம்பாள். கண்ணாடி முன் உட்கார்ந்து நிதானமாக எண்ணெய் தடவிப் பின்னிக்கொண்டார். பதிவைப் பார்த்த இராஜாங்கம், வயல்வேலைப் பெண்களுக்கெனத் தனி நாள் ஒதுக்கினார். அந்த முதல் நாளில் பிரகதாம்பாள் தன்னோடு நடவுக்குப் போகும் ஜெயபாரதியையும் வானதியையும் கூட்டிவந்தார். பின்னறை எங்கே இருக்கிறது என்று அவரே அவர்களுக்கு வழி காட்டினார்.