தானத்துக்கு வந்த லாரி புக்கு

மைக்கில் கத்தியது நான்தான். அதனால் பழியும் என் தலையில்தான் விழுந்தது.

பழைய புத்தகங்களைச் சேர்த்து விற்று, அந்தப் பணத்தில் ஏரியாப் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை கொடுப்பது எங்கள் மகளிர் குழுவின் வருடாந்திர வேலை. இந்த வருடம் ஆட்டோவில் மைக் கட்டித் திருவொற்றியூர் தெருக்களைச் சுற்றினோம். 'புத்தகம்' என்று சொல்லித் தொலைத்திருந்தால் வம்பே இல்லை. ஊர்ப் பேச்சில் சொன்னால்தான் எடுபடும் என்ற மேதாவித்தனத்தில், "வூட்ல சும்மா கெடக்குற புக்கைக் குடுங்க, நம்ம பொண்ணுங்க படிக்கும்" என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

எங்கள் பக்கம் புக்கு என்றால் காஸ் புக்கு, பேங்க் புக்கு, எல்லாவற்றுக்கும் மேலே வண்டியின் ஆர்.சி. புக்கு. தெருவுக்கு நாலு பேர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிற இடம். "புக்கு கீதா?" என்று கேட்டால் எவனாவது கதைப் புத்தகத்தை நீட்டுவானா?

சேர்ந்த மூட்டையைப் பிரித்தால் செத்துப்போன பாஸ்புக்குகள், மூலை கிழிந்த கணக்கு கைடுகள், யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம். அதற்கும் அடியில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஆர்.சி. புக். அடுத்த தெரு டிரைவருடையது. சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து எண்ணூர் துறைமுகத்துக்கு ஓட்டுகிறவர். ஐயோ பாவம், பதறிப் போயிருப்பாரே என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன்.

அங்கே அவர் பீரோவைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார். லாரி புரோக்கர் ஒருவர் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்த டிரைவரின் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. யார் கண்ணிலும் படாமல் என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"எடுத்துக்கினு போக்கா அத."

"லாரி புக்கும்மா இது!"

"தெரியாமயா குடுத்தேன்? வண்டிய வித்து பொண்ணுக்குக் கண்ணாலம் பண்றேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. அது பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டு காலேஜுக்கு அழுவுது. புக்கு குடுத்தா பொண்ணுங்க படிக்கும்னு நீதான கத்துன? குடுத்துட்டேன். படிக்க வையி."

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை. புக்கைப் பைக்குள் சொருகிக்கொண்டு நழுவப் பார்த்தேன். டிரைவர் வாசலில் மடக்கினார்.

"இன்னாக்கா, எங்க வூட்லேர்ந்து புக்கு எதுனா வந்துச்சா?"

பொய் சொன்னால் எனக்கு உடனே விக்கல் வரும். அதனால் உண்மையைக் கொஞ்சம் திமிரோடு சொன்னேன். "வந்துச்சு. தானமா வந்தத திருப்பித் தர்றதில்ல. ஞாயித்துக்கிழமை விக்கிறப்ப வந்து வாங்கிக்க."

"என் வண்டி புக்க நானே வாங்கணுமா?"

புரோக்கருக்குப் புரையேறிவிட்டது. "புக்கு வந்ததும் போன் போடுப்பா" என்று சிரித்தபடியே எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஒரு ஹாலில் விற்பனை தொடங்கியதும் முதல் ஆளாக வந்து நின்றார் டிரைவர். சமையல் குறிப்புகளுக்கும் கணக்கு கைடுகளுக்கும் நடுவில் அவருடைய புக்கு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"இன்னா வெல?"

"உன் பொண்ணு காலேஜ் சேரணும். அதான் வெல. செலவுக்கு எங்க உதவித்தொகை கீது."

"பேஜாரு புடிச்ச பொம்பளைங்க" என்று ஆரம்பித்து, ஹாலே திரும்பிப் பார்க்கும்படி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். நானும் சளைக்கவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தேன். திடீரென்று அவர் குரல் இறங்கியது.

"எனக்கு மட்டும் ஆசை இல்லியாக்கா? இடுப்பு போச்சு. வண்டிய இன்னும் எத்தினி நாள் ஓட்டுவேன்னு தெரியல. ஓட்றப்பவே வித்து பொண்ண கரை சேத்துடணும்னு பாத்தேன்."

இந்த ஆளை வில்லனாக்கி இரண்டு நாளாக மனதுக்குள் வசனம் எழுதி வைத்திருந்தேன். ஒன்றுகூட உதவவில்லை.

"படிச்சா அதுவே கரையேறிடும்ப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் புக்கின் பிளாஸ்டிக் உறையை விரலால் தடவினார். பிறகு, "சேத்து வுடு" என்றார்.

நான் புக்கை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஜெராக்ஸ் போதும், ஓட்டிக்கிறேன். பொண்ணு படிச்சு முடிக்கிற வரைக்கும் புக்கு ஒன்கிட்டயே இருக்கட்டும்க்கா. என் கைல இருந்தா வண்டிய வித்துருவேன்."