எந்த அணியிலும் இல்லாத அண்ணன்

நான் ஏடனில் நர்ஸாக இருந்தபோது, 1959 ஜூலை வாக்கில், அண்ணன் கடிதங்களில் இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. எழுத்து பெரிதாகிவிட்டது. முன்பெல்லாம் ஒரு ஏர்மெயில் தாளில் முப்பது வரி எழுதுவார். இப்போது பதினெட்டாம் வரியிலேயே இடம் தீர்ந்து, ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார். இன்னொன்று, ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது, தபால் முத்திரை. பொன்மலை என்று இருந்த இடத்தில் ஸ்ரீரங்கம் என்று இருந்தது.

அண்ணன் சகாயநாதன் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். வீடு ரயில்வே காலனியில். தபாலாபீஸ் ஐந்து நிமிஷ நடை. ஸ்ரீரங்கம் காவிரிக்கு அந்தப் பக்கம், சைக்கிளில் ஒரு மணி நேரம். "பொன்மலைத் தபாலாபீஸ் இடிந்து விழுந்துவிட்டதா?" என்று எழுதிக் கேட்டேன். "பாலத்துக் காற்று உடம்புக்கு நல்லது" என்று பதில் வந்தது. அந்தத் தாளிலும் ஸ்ரீரங்கத்து முத்திரைதான். அதுவும் பாதி மசியும் பாதி வெறுமையுமாக இல்லை. முழு வட்டமாக, தேதி கண்ணில் படும்படி, நிதானமாகக் குத்தியிருந்தது. பெண் கை என்று எனக்கு அப்போதே பட்டது.

அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது, எனக்கு ஆறு. அவர் ஒர்க் ஷாப்பில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தார். முதலில் ரோசம்மாள் அக்காவின் கல்யாணம், பிறகு அம்மாவின் நோய், அதற்குள் வேலூரில் என் நர்ஸ் படிப்பு. ஒவ்வொன்றும் முடியட்டும் என்று அவர் கல்யாணம் தள்ளிப் போயிற்று. தியாகம் செய்கிறவர் முகம் அவருக்கு இருந்ததே இல்லை. காலையில் சங்கு ஊதினால் சைக்கிளை எடுப்பார், மாலையில் சங்கு ஊதினால் மைதானத்துக்குப் போவார். நானோ படிப்பு முடிந்ததும் பம்பாய், பிறகு ஏடன் என்று போனவள். ஓரிடத்தில் இரண்டு வருஷம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும்.

மைதானம் என்றேன். காலனியில் 1946-லிருந்து ஒரு வழக்கம் உண்டு. பொங்கலை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கால்பந்து ஆட்டம். முதல் ஆட்டத்திலிருந்தே அண்ணன் ஆகாதவர்கள் பக்கம். அப்போது இருபத்தாறு வயது, சென்டர் ஃபார்வர்டு. கால் தரையில் பட்டதா என்று சந்தேகம் வரும், அப்படி ஓடுவார். கோபமும் அதே வேகம்தான். அடுத்த வருஷம், டைம் ஆபீஸ் வீரமலை ரெஃப்ரீயாக நின்று இவர் போட்ட கோலைச் செல்லாது என்று விசில் ஊதிவிட்டார். அண்ணன் போய் அவர் காலரைப் பிடிக்க, ஒரு பித்தான் தெறித்து விழுந்தது. அன்று சாயந்திரமே அம்மா அந்தச் சட்டையை வாங்கிப் பித்தான் தைத்துக் கொடுத்தார். வீரமலை எங்கள் வீட்டில் பனியனோடு உட்கார்ந்து காப்பி குடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவரோடு ஆடியவர்கள் ஒவ்வொருவராகக் கல்யாணம் செய்துகொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். அவர் இந்தப் பக்கமே இருந்தார். ஆனால் நின்ற இடம் மாறிக்கொண்டே வந்தது. முப்பத்திரண்டில் ஹாஃப் பேக். முப்பத்தைந்தில் ஃபுல் பேக். வேகம் குறைந்தது, ஆனால் பந்து எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது. "இப்போதெல்லாம் ஓட வேண்டியதில்லை, சரியான இடத்தில் நின்றால் போதும்" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். முப்பத்தெட்டில் அவரைக் கோல் காக்கும் கோலியாக நிறுத்தினார்கள்.

கல்யாணமானவர்களின் கேப்டன் பஷீர் அகமது, அண்ணனின் ஒர்க் ஷாப் கூட்டாளி, நான்கு பிள்ளைகளின் தகப்பன். அவர் சும்மா இருப்பாரா?

"என்னப்பா சகாயம், வருஷா வருஷம் பின்னாடியே போறே? அடுத்த வருஷம் கோல் வலைக்குப் பின்னாடி நிப்பியா?"

"நீ அடிக்கிற பந்தெல்லாம் அங்கதானே போவுது. யாராச்சும் பொறுக்கணும்ல?"

முத்திரை விஷயம் 1960 டிசம்பரில் நான் ஊர் வந்தபோது தெளிவாயிற்று. முத்திரை குத்தியவர் பெயர் டோரதி. புத்தூர்க்காரர், வயது முப்பத்துமூன்று. தம்பிகள் இருவரையும் படிக்கவைத்து ஆளாக்கியவர். முன்பு பொன்மலைத் தபாலாபீஸ் கவுண்டரில் இருந்தார். ஒரு நாள் அண்ணன் எனக்கு எழுதிய தாளில் விலாசம் சரியா என்று பார்க்க, அதைக் கைக்கு எட்டும் தூரம்வரை நீட்டிப் பிடித்திருக்கிறார்.

"இன்னும் தள்ளிப் பிடிக்கணும்னா கதவுக்கு வெளியதான் போகணும் சார். கண்ணாடி போட்டுக்கலாமே" என்று கவுண்டருக்குள்ளிருந்து குரல் வந்ததாம்.

வீட்டில் யாரும் சொல்லாததை ஒருத்தி சொல்லிவிட்டாள் என்று அண்ணனுக்கு ரோஷம். ஒரு மாதம் கண்ணாடி போடாமலே எழுத்தைப் பெரிதாக்கிச் சமாளித்தார். அந்த ஒரு மாதமும் தபாலாபீஸுக்கு மட்டும் தவறாமல் போனார். பிறகு டோரதிக்கு ஸ்ரீரங்கத்துக்கு மாற்றலாயிற்று. அண்ணன் கண்ணாடியும் போட்டுக்கொண்டார், சனிக்கிழமை தோறும் பாலமும் ஏறினார்.

அவர் உடம்பை நான் நர்ஸ் கண்ணால்தான் பார்த்தேன். இடுப்பில் இரண்டு அங்குலம் கூடியிருந்தது. குந்தி எழும்போது வலது முட்டி 'டக்' என்றது. ஆனால் ஸ்ரீரங்கம் போய் வந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தால், இருபத்தைந்து வயதுக்காரன் நாடி.

"எதுக்கு பாப்பா கையப் பிடிச்சுப் பாக்குற? நான் என்ன ஆஸ்பத்திரிலயா கெடக்குறேன்?"

"கல்யாண மாப்பிள்ளையாச்சே. சரக்கு நல்லா இருக்கான்னு அண்ணிக்கு எழுதித் தரணும்ல."

கல்யாணத்தை ஜனவரி 25, புதன்கிழமை என்று அண்ணனே வைத்திருந்தார். காரணத்தையும் மறைக்கவில்லை. ஆட்டம் 15-ஆம் தேதி. பதினைந்து வருஷமாக ஒரு ஆட்டம்கூட விட்டதில்லை. கடைசியாக ஒரு தடவை ஆகாதவர்கள் பக்கம் நின்று, பஷீரின் பந்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டு, அதன்பிறகு தாலி கட்ட வேண்டும். அவருக்கு அது விளையாட்டு ஆசையாக மட்டும் இல்லை. "இத்தன வருஷம் இருந்த எடம் பாப்பா. சொல்லிக்காம எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கக் கூடாது" என்றார்.

கல்யாணத் தேதியை எண்ணியவர் ஓலையை எண்ண மறந்துவிட்டார். எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சாமியார் எல்லார் முன்னாலும் வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். அதற்குத்தான் ஓலை வாசிப்பது என்று பெயர். 25-ஆம் தேதி கல்யாணம் என்றால் 8, 15, 22. ஆட்டத்தன்று காலைப் பூசையில் இரண்டாவது ஓலை.

15-ஆம் தேதி சாயந்திரம் நான்கு மணிக்கு அண்ணன் ஜெர்ஸி போட்டு கோலுக்குப் போனார். ஆகாதவர்கள் அணியில் அமிர்தராஜ் என்று இருபத்திரண்டு வயதுப் பையன், அப்ரெண்டிஸ், நல்ல ஆட்டக்காரன். அவன் வழியை மறித்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. நீங்க இனிமே எங்காளு இல்லை."

"டேய், தாலி கட்டலடா இன்னும்."

"சாமியார் வாசிச்சது பொன்மலை முழுக்கக் கேட்டுச்சு. கோலிக்கு வேற ஆள் போட்டாச்சுண்ணே."

அண்ணன் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். அங்கே பஷீர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எங்க வர்றே? கல்யாணம் ஆகியிருக்கா?"

"பத்து நாள்ல ஆயிடும்."

"ஆனதும் வா. என் நிக்காஹ் அன்னிக்கு, முடியறவரைக்கும் என்னை இந்தப் பக்கம் சேக்கலை, தெரியும்ல? இந்தப் பக்கம் வர்றதுக்குக் கஷ்டப்பட்டிருக்கணும். வீட்டுல திட்டு வாங்கியிருக்கணும். நீ என்ன வாங்கியிருக்கே?"

கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். ஆனால் அவர் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். குடைகளின் கீழ் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் டோரதியும் இருந்தார். "மூணாவது ஓலைக்குள்ள தடைன்னு யாராச்சும் வந்துடப் போறாங்க" என்று ஒருத்தி சீண்ட, அவர் சிரிக்கவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கோலுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் வேண்டாம் என்று ஒதுக்கிய மனிதராக அண்ணன் நின்றார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு நிற்க இடமில்லை.

கால் மணி நேரம் வாதம் நடந்தது. ரெஃப்ரீ வீரமலைக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. அவர் இரண்டு பக்கத்தையும் கேட்டார். பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அண்ணன் கழுத்தில் மாட்டினார்.

"எனக்கும் கால் வலிக்குது. இன்னிக்கு எந்தப் பக்கமும் சேராத ஆளு நீ ஒருத்தன்தான். ஊது. சட்டையை மட்டும் பத்திரமாப் பாத்துக்க."

கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கடைசி வார்த்தை விளங்கவில்லை. அண்ணனுக்கு விளங்கியது. ஒரு நிமிஷம் விசிலைப் பார்த்தார். ஜெர்ஸிக்கு மேல் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடு வட்டத்துக்குப் போனார். சென்டர் ஃபார்வர்டாக அவர் புறப்பட்ட அதே இடம்.

நன்றாகவே ஊதினார். நிறைய ஓடவில்லை. பந்து போகும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு தடவை ஆஃப்சைடு என்று ஊதியதும் அமிர்தராஜ் பாய்ந்து வந்து முகத்துக்கு நேரே கத்தினான். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அவன் கத்தி முடிக்கும்வரை கேட்டார்.

"முடிஞ்சுதா? சரி, போய் நில்லு தம்பி."

அவன் போய் நின்றான். ஓரத்தில் வீரமலை தன் சட்டைப் பித்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டது எனக்கு மட்டும் தெரியும்.

ஆளுக்கு ஒரு கோல், ஐந்து நிமிஷம் பாக்கி. பஷீர் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தார். புதுக் கோலி ஏமாந்துவிட்டான். பந்து கோலுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணன் தலைக்கு மேலே போனது. அவர் குதித்து, இரண்டு கையாலும் அதை அழகாகப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.



"யா அல்லாஹ்! ரெஃப்ரீயே பிடிக்கிறானே!" என்று பஷீர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

அண்ணன் கையிலிருந்த பந்தைப் பார்த்தார். அதன் பிறகு, தன்னைத் தானே சுட்டிக்காட்டி, நீளமாக விசில் ஊதினார். அப்போதுதான் கூட்டம் வெடித்தது. இரண்டு அணியும் ஒன்றாகச் சேர்ந்து அவரைத் திட்டின. பந்தை அதே இடத்தில் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்கினார். கடைசிவரை ஒன்றுக்கு ஒன்றுதான்.

டோரதி குடையை மடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.

"உங்கண்ணன் ஆசைப்பட்டது கெடைச்சுட்டுது பேட்ரிசியா. பஷீர் பாய் பந்தைப் பிடிச்சுட்டாரு."

அதன்பின் மூன்றாவது ஓலை, கல்யாணம், கண்ணாடி போட்ட மாப்பிள்ளையின் போட்டோ. பிள்ளை பிறந்தது நவம்பரில். மூன்று மாதம் இருந்துவிட்டுப் போவதாக வந்த நான், புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். நைரோபிக்கு எழுதிய விண்ணப்பம் என் பெட்டியில்தான் இருக்கிறது. முத்திரை குத்த அண்ணி தயார்தான். நான்தான் இன்னும் கொடுக்கவில்லை.

இந்த வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் பஷீர் வீட்டுக்கு வந்தார்.

"சகாயம், இப்ப நீ முழுசா எங்காளு. திட்டும் வாங்கியாச்சுன்னு கேள்வி. ஃபுல் பேக் எடம் காலியா இருக்கு. வா."

அண்ணன் தொட்டிலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே, மறு கையால் முட்டியைத் தடவினார்.

"முடியலப்பா. குந்தி எழுந்தா வலிக்குது. இந்த வருஷமும் நானே ஊதிடறேனே."

பஷீர் என்னைப் பார்த்தார். நர்ஸாச்சே, சொல்லட்டும் என்று. அண்ணனுக்குச் சத்தம் போடுவது வலது முட்டி. அவர் தடவிக்கொண்டிருந்தது இடது முட்டியை.

"ஆமாம் பாய். ரொம்ப ஓடக்கூடாது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி விசிலை வெந்நீரில் கழுவிக் கொடுத்தார். பிள்ளை தூங்குகிறான், இங்கே ஊதிப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பு. அண்ணன் தெருமுனைவரை நடந்துபோய், ஒரே ஒரு தடவை ஊதிப் பார்த்துவிட்டு மைதானத்தின் பக்கம் திரும்பினார்.