குச்சியால் தூக்கிய கம்பளி

போன வாரம் எதிர்வீட்டு வாத்தியார் வந்து, "சார், வீட்ல மூட்டைப்பூச்சி. என்ன செய்யலாம்?" என்று கேட்டார். உங்களுக்குத்தான் தெரியுமே, என் வாய் சும்மா இருக்குமா? வகுப்பே எடுத்தேன். விரிப்பில் துரு நிறத்தில் பொட்டு இருக்கிறதா? கட்டில் இடுக்கில் கறுப்புப் புள்ளிகள்? உடம்பில் வரிசையாகத் தடிப்பு? அப்படியென்றால் அதேதான். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், ரேஷன் மண்ணெண்ணெய், உச்சி வெயில்...

அவர் போனதும் என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம், அவளுடைய அண்ணன்.

மூன்று வருஷம் முன்பு, ஆடி மாசம், மச்சான் இருமலோடு எங்கள் போடி வீட்டுக்கு வந்தார். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அவருக்கு வேலை. பத்து நாள், தினம் ஒரு ஊசி போடவேண்டும் — மலையில் ஊசி போட ஆள் ஏது? கூடத்தில், என் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் காலை அவர் விரிப்பில் ரத்தப் பொட்டு. கட்டில் இடுக்கில் பூச்சி. அதற்கு முன் எங்கள் வீட்டில் நான் பார்த்ததே இல்லை. பிறகென்ன? தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து வந்த கம்பளிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். போடிக்காரனுக்கு மலையிலிருந்து ஏலக்காய் வேண்டும், கம்பளி ஆகாது!

"மச்சான், ஒங்க கம்பளிய வாசல்ல போட்டுர்றேன். கட்டிலுக்கும் வெந்நி ஊத்தணும்" என்றேன். குச்சியால் தூக்கித்தான் போட்டேன். தெருவே பார்த்தது.

"அதுக்கென்ன மாப்ளே, ஊத்துங்க" என்றார். குளித்துவிட்டு வந்து, "தோட்டத்துல சோலி கெடக்கு, வெரசாப் போகணும்" என்று ஜீப்பு ஏறிவிட்டார். இன்னும் எட்டு ஊசி பாக்கி. நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நிம்மதியாகக்கூட இருந்தது.

மார்கழிக் குளிரில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்.

பூச்சி மட்டும் போகவில்லை. தை மாசம் சாய்வு நாற்காலியின் துணி கிழிந்துவிட்டதென்று கழற்றினேன். சட்டத்தின் இடுக்கெல்லாம்... குடும்பம் குடும்பமாக. மச்சான் வருவதற்குச் சில வாரம் முன்பு, பழைய சாமான் கடையில் நான் ஆசையாக வாங்கி வந்த நாற்காலி அது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"நாக்காலிலருந்துதான் வருதுன்னு அண்ணனுக்கு அன்னைக்கே தெரியும், ராத்திரி அதுலருந்து எறங்குறதப் பாத்துருச்சு. ஊருக்கு எறங்குறதுன்னா அங்க எல்லாரும் கம்பளிய ஏலக்கா காயப்போடுற ஸ்டோர்ல, அந்த அடுப்புச் சூட்டுல ஒரு நாப் பூராம் போட்டு எடுத்துத்தான் வருவாங்க. அதுல பூச்சி பொழைக்குமா?"

"ஏன் அப்பவே சொல்லல?"

"மாப்ள மொகம் சுண்டிப்போகும், சொல்லாத ஆத்தான்னு அண்ணந்தான் வாய அடைச்சுருச்சு."

அவமானப்பட்டவர், எனக்கு அவமானம் வந்துவிடக்கூடாதே என்று பார்த்திருக்கிறார். நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை. அவர் இருக்கும்போதே தெரிந்திருந்தால் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இனி எங்கே போய்ச் சொல்ல?

இங்கே, உங்கள் முன்னால்தான் சொல்லவேண்டியிருக்கிறது — மச்சான், பூச்சி என்னுடையது.